வெளிநாட்டு மருத்துவ பிளேஸ்மென்ட்: வீடு அருமை, வார்டுதான் சரியில்லை

இங்கிலாந்தில் மருத்துவம் படிக்கிறவர்கள் கடைசி வருஷங்களில் எலெக்டிவ் என்று சில வாரம் வெளிநாட்டு மருத்துவமனையில் பயிற்சி எடுக்கப் போவது வழக்கம்; அந்தப் பயிற்சி இடத்தைத்தான் பிளேஸ்மென்ட் என்பார்கள். கல்லூரி வழியாக இடம் அமையாதவர்கள் ஏஜென்சிக்குப் பணம் கட்டிப் போகிறார்கள். நானும் அப்படித்தான் தான்சானியாவின் வடக்கே ஒரு அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஏஜென்சியின் பெயர் வேண்டாம், இதே விளம்பரத்தை வேறு பெயர்களிலும் பார்த்திருக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் சொன்ன நேரத்துக்கு ஆள் நின்றார், வீடு சுத்தம், கொசுவலையில் ஓட்டை இல்லை, சமைக்கிற அம்மா உகாலி என்கிற மக்காச்சோளக் களியோடு தந்த பீன்ஸ் குழம்பை இப்போதும் நினைத்துக்கொள்வேன். சுவாஹிலி வகுப்பும் உண்டு. சந்தையில் தக்காளி வாங்க அது போதும், நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொன்னால் புரிந்துகொள்ளப் போதாது.

இனி வார்டு. "உங்கள் நாட்டில் கிடைக்காத நேரடி அனுபவம்" என்பதுதான் இவர்கள் விற்கிற சரக்கே. ஏன் அங்கே கிடைக்கவில்லை? தையல் போடவும் பிரசவம் பார்க்கவும் நமக்கு இன்னும் தெரியாது, அதனால் விடுவதில்லை. விமானம் ஏறிவிட்டால் தெரிந்துவிடுமா என்ன! என்னோடு தங்கியிருந்தவர்களில் மருத்துவக் கல்லூரியில் சேரவே சேராத, விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுவதற்காக வந்த பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களும் டாக்டர்கள் போடுகிற ஸ்க்ரப்ஸ் உடுப்பை மாட்டிக்கொண்டு பிரசவ அறைக்குள் நின்றார்கள், வலியில் கிடந்த பெண்ணிடம் இவர்கள் யார், இங்கே நிற்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாளைக்கு அதே வார்டில் வேலை பார்க்கப்போகிற தான்சானிய மாணவர்கள் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஒவ்வொரு கட்டிலிலும் எங்களுக்காக ஆங்கிலத்தில் இன்னொரு தரம் விளக்க, வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது.

அந்த நாட்டில் வைத்தியம் பார்க்க வெளிநாட்டு டாக்டரே டாங்கனிகா (தான்சானியாவின் பெருநிலப்பகுதியின் பழைய பெயர்) மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். ஏஜென்சி ரசீதை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் ஊசியைக் கையில் எடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? பயிற்சி இல்லாத எதையும் வெளிநாட்டில் போய்ச் செய்யாதீர்கள் என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2011இலேயே வழிகாட்டி போட்டுவிட்டது. ஏஜென்சி தந்த கையேட்டில் அப்படி ஒரு வரிகூட இல்லை, சஃபாரிக்கு என்ன நிறச் சட்டை போடலாம் என்று மட்டும் விவரமாக இருந்தது.

நம் பாதுகாப்பும் அதே லட்சணம்தான். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நம் கையில் குத்திவிட்டால் எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை இங்கே எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு, இன்சூரன்ஸ்காரர்களைக் கேளுங்கள் என்றார்கள்.

அப்புறம் பணம். நான் கட்டியதில் மருத்துவமனைக்கு எவ்வளவு போகிறது என்று மின்னஞ்சலில் கேட்டேன், "உள்ளூர்ச் சமூகத்துக்கு ஆதரவளிக்கிறோம்" என்று பதில் வந்தது. தொகை எவ்வளவு என்று மறுபடி கேட்டேன், பதிலே இல்லை. இப்படி வருகிற மாணவர்களால் அங்கே ஆகும் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும், பலன் இரண்டு பக்கமும் சேர வேண்டும் என்று இதற்கென்றே கூடிய ஒரு நிபுணர் குழு 2010இல் எழுதி வைத்திருக்கிறது. அங்கிருந்து ஒரு மாணவர் எங்கள் கல்லூரிக்கு வர நினைத்தால் விசாவிலேயே பாதி ஆசை போய்விடும், அவருக்காக இந்த ஏஜென்சி ஒரு துரும்பையும் அசைப்பதில்லை.

தான்சானியாதான் போக வேண்டும் என்றால் மோஷியில் கேசிஎம்சி மருத்துவமனை, தார் எஸ் சலாமில் முஹிம்பிலி பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு நேராகவே எழுதலாம். பதில் வர நாளாகும், தங்குமிடம் நீங்களே தேட வேண்டும், ஆனால் கட்டணம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கே போகும். ஏற்கெனவே ஏஜென்சிக்குக் கட்டிவிட்டவர்கள் உங்களை மேற்பார்க்கப்போகிற டாக்டர் யார், அவர் சம்மதித்தாரா என்று கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் 5க்கு 4. பிளேஸ்மென்ட்டுக்கு 1, அதுவும் அந்த வார்டு டாக்டரின் பொறுமைக்காக.