எச்டிஎம்ஐ போர்ட் போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னால் உடனே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

மாலை நேரத்தில் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். மடிக்கணினியில் நான் எழுதுவது அப்படியே மானிட்டரிலும் தெரிய வேண்டும் என்பதற்காக, எச்டிஎம்ஐ கேபிளை இணைத்து, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் மிரர் முறையில் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தேன். அதுவரை என்விடியா கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளாக, உபுண்டுவுடனேயே வரும் நூவோ டிரைவர்தான் இருந்தது. சென்ற மாதம் என்விடியாவின் சொந்த டிரைவரை நிறுவி மறுதொடக்கம் செய்ததும் மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று வந்தது. டிஸ்பிளே அமைப்பில் இரண்டாவது திரையே இல்லாததால் மிரர் என்ற தேர்வும் காணாமல் போயிருந்தது.

மறுநாள் வகுப்பு இருந்த அவசரத்தில் பக்கத்துப் பழுதுநீக்கும் கடைக்குக் கொண்டு போனேன். கேபிளை ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டு, "போர்ட் போயிடுச்சு சார், போர்டுல சால்டர் பண்ணி மாத்தணும்" என்று சொல்லி 4,800 ரூபாய் கேட்டார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்த மடிக்கணினியில் மானிட்டர் வேலை செய்தது. ஆனால் உபுண்டு இல்லை; என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வட்டு முழுவதையும் அழித்து விண்டோஸ் போட்டிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட வினாத்தாள்களுக்கு என்னிடம் வேறு பிரதி இல்லை.

மீண்டும் உபுண்டுவையும் என்விடியா டிரைவரையும் நிறுவியபோது, புதிதாக மாற்றியதாகச் சொன்ன அதே போர்ட் மறுபடியும் உயிரில்லாமல் கிடந்தது. கடையில் கேட்டதற்கு, லினக்ஸ் போட்டால் வாரண்டி கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் விவரம் தெரிந்த நண்பர் ஒருவர், உபுண்டு பென்டிரைவிலிருந்து நிறுவாமலே இயக்கிப் பார்க்கச் சொன்னார். இயக்கினேன், மானிட்டர் உடனே ஒளிர்ந்தது.

காரணம் இதுதான். என்னுடையதைப் போன்ற பல மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ போர்ட் நேரடியாக என்விடியா சிப்புடன் இணைக்கப்பட்டிருக்கும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இருக்கும்போது, கணினி நம்பும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏற்காது. அதற்காகத்தான் டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் கேட்கிறது. மறுதொடக்கத்தில் நீலத் திரையொன்று சில விநாடிகள் மட்டும் தோன்றும். அதில் 'என்ரோல் எம்ஓகே' (டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைப் பதிவு செய்வது) என்பதைத் தேர்ந்து அந்தக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். நான் இரண்டு முறையும் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். என்விடியா டிரைவர் ஏறவில்லை, நூவோவும் முடக்கப்பட்டிருந்தது, ஆகவே போர்ட்டை இயக்க எதுவுமே இல்லை. பென்டிரைவிலிருந்து இயக்கியபோது நூவோ வேலை செய்ததால் படம் வந்தது. விண்டோஸ் டிரைவர் முறையான கையொப்பத்துடன் வருவதால் அங்கே படம் தெரிந்தது; கடைக்காரர்கள் செய்த வேலை அவ்வளவுதான்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், என்விடியா சிப்பின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைக் கொடுத்தபோது, டிரைவருடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்று அது தெளிவாகவே சொன்னது. டிரைவரை மறுபடி நிறுவி, நீலத் திரையில் சாவியைப் பதிவு செய்தேன். சூப்பர் விசையுடன் (விண்டோஸ் குறியுள்ள விசை) பி-யை அழுத்தியதும் மிரர் வந்துவிட்டது.

பிறகு மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்தேன். அடிமூடியின் நடுத் திருகின் மேல் நிறுவனம் ஒட்டிய வட்ட ஸ்டிக்கர் கிழியாமல், ஓரம்கூடத் தூக்காமல் இருந்தது. அந்தத் திருகைக் கழற்றாமல் மூடியைத் திறக்கவே முடியாது.

உங்கள் லினக்ஸ் மடிக்கணினியில் வெளித் திரை திடீரென நின்றால், கடைக்குப் போகுமுன் பென்டிரைவிலிருந்து ஒருமுறை இயக்கிப் பாருங்கள். அங்கே படம் வந்தால் போர்ட் நன்றாகத்தான் இருக்கிறது. மடிக்கணினியைக் கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வட்டை அழிக்கக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். எனக்குத் தந்த ரசீதில் 'சர்வீஸ்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அதையும் ஸ்டிக்கரின் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. பத்தாம் வகுப்பு வினாத்தாள்களை ஒவ்வொன்றாக மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.