நங்கநல்லூரில் ஐந்து வாரம்: பணம் இருந்தது, எண் இல்லை

நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு டொராண்டோவிலிருந்து புறப்பட்டு, தை மாதத்தில் சென்னை நங்கநல்லூரில் உள்ள அண்ணன் வீட்டில் ஐந்து வாரம் தங்கியிருந்தேன். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிறுத்தமே நங்கநல்லூர் ரோடு. 2016-இல் அந்தப் பாதை திறந்ததிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் டாக்சிக்குப் பேரம் பேசியதில்லை. ஆனால் நிலையம் ஜி.எஸ்.டி. சாலையிலும் ஊர் ரயில் பாதைக்கு அப்பாலும் இருப்பதால், மழை பெய்தால் குளமாகிவிடும் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையைப் பெட்டிகளோடு கடக்க ஓர் ஆட்டோ பிடித்தே ஆக வேண்டும்.

அந்த ஆட்டோவிலேயே என் சிக்கல் தொடங்கிவிட்டது. நான் நீட்டிய ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பார்த்த ஓட்டுநர், "ஜிபே இல்லையா சார்?" என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டார். இளநீர் வண்டி வரைக்கும் க்யூ.ஆர். அட்டை தொங்கும் ஊரில் சில்லறை என்பதே அரிதாகிவிட்டது. மளிகை, மருந்து, வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் பரிசோதனை என எல்லாம் கனடாவில் நான் கண்டிராத வேகத்தில் வாசலுக்கு வருகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் முதலில் இந்தியக் கைப்பேசி எண்ணைக் கேட்டு, அதற்கு ஓ.டி.பி. அனுப்புகிறது. சிம் வாங்கச் சென்ற கடையில், கடவுச்சீட்டையும் படத்தையும் பெற்றுக்கொண்ட பிறகு, உள்ளூர்க்காரர் ஒருவருடைய எண்ணையும் கேட்டார்கள். அண்ணன் எண்ணைக் கொடுத்து, இரண்டு முறை அலைந்து, மூன்றாம் நாள்தான் இணைப்புக் கிடைத்தது. அண்ணனுடன் இறகுப்பந்து ஆடுவதற்குக்கூடச் செயலியில்தான் ஆடுகளத்தை முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது என்பதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

என்னிடம் எதுவும் கேட்காத இடங்களும் இருந்தன. மாநகராட்சிப் பூங்காவில் காலையில் நடந்தேன். ஆஞ்சநேயர் கோயிலில் 32 அடி உயரச் சிலையின் முன் சனிக்கிழமைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். பழவந்தாங்கலில் ஐந்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்து மின்சார ரயிலுக்குச் சீட்டு வாங்கினேன். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் க்யூ.ஆர். அட்டை உண்டு என்றாலும், என் நிலைமையைக் கேட்டதும் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து, "கனடா சார்" என்று தலைப்பிட்டு உருப்படிகளை எழுதிக்கொண்டார். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மொத்தமாகக் கணக்குத் தீர்த்தேன்.

அண்ணன் வீட்டுச் சொத்துவரியைக் கைப்பேசியிலேயே கட்டுவதைப் பார்த்தபோது அப்பா நினைவுக்கு வந்தார். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணையும்வரை இது ஆலந்தூர் நகராட்சி. பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக அந்த நகராட்சி வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டபோது, தெருவில் முதல் வாரத்திலேயே கட்டிவிட்டு வந்தவர் அவர். சாலையைத் தோண்டிப் போட்டார்கள் என்று பல மாதம் புலம்பினாலும், அந்த இரசீதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார்.

கடைசி வாரம் வங்கிக்குச் சென்றிருந்தேன். வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்கு இருந்தால், ஜிபே போன்ற செயலிகள் இயங்கும் யு.பி.ஐ. முறையைக் கனடா எண்ணிலேயே பயன்படுத்தலாம் என்றும், கனடா உட்படப் பத்து நாடுகளின் எண்களுக்கு 2023-இலேயே அனுமதி வந்துவிட்டது என்றும் அங்கிருந்த இளம் அலுவலர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அந்தக் கணக்கு பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறது.