செக்கு எண்ணெய் விற்பனையில் சமூக ஊடக விளம்பரம்: போட்ட பணம் திரும்புகிறதா?

காங்கேயம் வட்டாரத்தில் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கும் எங்கள் நிறுவனம், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் அவற்றில் ஓடும் விளம்பரங்களையும் சில ஆண்டுகளாக ஒரு தொழில்முறை ஏஜென்சியின் பொறுப்பில் விட்டிருக்கிறது. மாதக் கட்டணம் தனி, விளம்பரத்துக்குக் கட்டும் பணம் தனி. இந்தச் செலவு கட்டுபடியாகிறதா என்று கேட்கும் சக வியாபாரிகளுக்கு என் பதில் இதுதான்: எங்களுக்குக் கட்டுபடியாகிறது; ஆனால் மாதாந்திர அறிக்கை காட்டும் லாபத்தில் சிறு பகுதிதான் உண்மையில் கைக்கு வருகிறது, அதுவும் தாமதமாக வருகிறது.

அறிக்கையின் முதல் பக்கங்களில் வரும் ரீச் (எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது), லைக், ஃபாலோயர் எண்ணிக்கைகளை நான் படிப்பதோடு சரி, அவற்றை வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை. முக்கியமானது ரோஆஸ் என்று அவர்கள் சொல்லும் கணக்கு, அதாவது விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை ஆனது என்பது. இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைத் தொட்டவர் ஏழு நாட்களுக்குள் வாங்கினாலும், தொடாமல் வெறுமனே பார்த்தவர் ஒரு நாளுக்குள் வாங்கினாலும், அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் ஏறிவிடும். வீட்டில் எண்ணெய் தீர்ந்து, வழக்கம்போல் எங்கள் இணையதளத்தில் ஐந்து லிட்டர் டின் வாங்கும் பழைய வாடிக்கையாளரின் கண்ணில் அன்று காலை எங்கள் விளம்பரம் பட்டிருந்தால் போதும், அவரும் விளம்பரம் கொண்டுவந்த ஆளாகிவிடுவார். பழைய வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களைப் பட்டியலாக ஏற்றி, அவர்களுக்கு விளம்பரம் காட்டாதபடி அமைக்கச் சொன்ன மாதமே ரோஆஸ் கணிசமாக இறங்கியது. மொத்த விற்பனையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

பருவமும் இதே குழப்பத்தைச் செய்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நல்லெண்ணெய் விற்பனை எப்போதும் ஏறும். எண்ணெய்க் குளியல் இருக்கும்வரை அது ஏறிக்கொண்டுதான் இருக்கும். அந்த மாத அறிக்கையில் அந்த ஏற்றம் முழுவதும் விளம்பரத்தின் வெற்றியாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே, ஐப்பசியை முந்தைய ஆண்டின் ஐப்பசியோடு ஒப்பிட வேண்டுமே தவிர, ஆவணியோடு ஒப்பிடக் கூடாது. இன்னொன்று, கேஷ் ஆன் டெலிவரி. ஆர்டர் போட்ட கணமே அது விற்பனையாகப் பதிவாகிறது; வீட்டு வாசலில் வாங்க மறுத்துத் திரும்பி வரும் பார்சல் அந்தக் கணக்கிலிருந்து தானாகக் கழிவதில்லை, போகவர இரண்டு வழிக் கூரியர் செலவும் நம் தலையில்தான் விழுகிறது.

நேர்மாறான பிழையும் உண்டு என்பதால், ஏஜென்சியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸப்பிலோ தொலைபேசியிலோ ஆர்டர் சொல்பவர்களும், நேரில் கடைக்கு வருபவர்களும் எங்கள் அறிக்கையில் இடம்பெறுவதே இல்லை. இதற்காக விளம்பரங்களில் மட்டும் தரும் தனி வாட்ஸப் எண் ஒன்றை வைத்திருக்கிறோம். கடையில் பில் போடும் இடத்தில் ஒரு நோட்டும் இருக்கிறது. முதல் முறை வருபவரிடம் எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். “யூடியூப்பில் பார்த்தேன்” என்று பலர் சொல்கிறார்கள். நாங்கள் யூடியூப்பில் எதையும் போடுவதில்லை. “பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க” என்பவரிடம் மேலும் ஒரு கேள்வி கேட்டால், அந்த அக்கா செக்கு ஓடும் ரீலைக் காட்டித்தான் சொல்லியிருப்பார். எனவே நோட்டைச் சான்றாக அல்ல, துணைக் குறிப்பாகவே வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு நம்பிக்கை தந்த ஒரே சோதனை, விளம்பரத்தை ஓர் ஊரில் நிறுத்திப் பார்த்ததுதான். திருச்சிக்கும் மதுரைக்கும் எங்கள் விற்பனை ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே போக்கில் இருந்தது. பண்டிகை இல்லாத காலமாகப் பார்த்து, திருச்சியில் விளம்பரத்தைத் தொடரவிட்டு மதுரையில் மட்டும் முழுவதும் நிறுத்தச் சொன்னோம். பிறகு ஏஜென்சியின் அறிக்கையை ஒதுக்கிவிட்டு, கூரியர் ரசீதுகளில் உள்ள அஞ்சல் குறியீட்டு எண்களை வைத்து இரண்டு ஊர்களின் விற்பனையையும் ஒப்பிட்டோம். மதுரையில் விற்பனை குறைந்தது உண்மை. ஆனால் விளம்பரம் கொண்டுவந்ததாக முன்பு காட்டப்பட்ட தொகையில் ஏறக்குறைய பாதிதான் குறைந்தது. மற்றது விளம்பரம் இல்லாமலும் வந்திருக்கக்கூடிய விற்பனை. சிறு வியாபாரத்தில் ஆர்டர்கள் குறைவு என்பதால் ஓரிரு வாரங்களில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. வாராந்திர ஏற்ற இறக்கத்திலேயே வித்தியாசம் மறைந்துவிடும்.

ஓர் உதாரணக் கணக்கைச் சொல்கிறேன். எங்கள் உண்மைத் தொகைகள் வேறு. ஏஜென்சிக் கட்டணம் 25,000, விளம்பரம் 30,000, ஆகச் செலவு 55,000 ரூபாய் என்று கொள்வோம். ரோஆஸ் ஐந்து என்றால் விற்பனை 1,50,000. ரிட்டர்ன் பத்து சதவீதம் போனால் 1,35,000. ஓர் ஆர்டர் 1,500 ரூபாய் என்றால் தொண்ணூறு ஆர்டர்கள். இவற்றில் உண்மையிலேயே விளம்பரத்தால் வந்தவை ஐம்பத்து நான்கு என்றும், எண்ணெய், பாட்டில், அட்டைப்பெட்டி, கூரியர் எல்லாம் போக ஓர் ஆர்டரில் 375 ரூபாய் நிற்கிறது என்றும் வைத்தால், வரவு 20,250 மட்டுமே. அதாவது அந்த மாதத்தில் 34,750 ரூபாய் நஷ்டம். ஆனால் அந்த ஐம்பத்து நான்கு பேரில் பதினெட்டுப் பேர் அடுத்த ஓராண்டில் விளம்பரச் செலவில்லாமல் ஆறு முறை வாங்கினால் 40,500 ரூபாய் வருகிறது, கணக்கு 5,750 ரூபாய் லாபத்தில் முடிகிறது. எண்ணெய் திரும்பத் திரும்ப வாங்கும் பொருள் என்பதால்தான் இது சாத்தியமாகிறது. ஒருவர் ஆயுளில் ஒன்றிரண்டு முறை மட்டும் வாங்கும் பொருளை விற்பவர், முதல் விற்பனையிலேயே செலவை எடுத்தாக வேண்டும்.

லாபத்தில் அளக்காமல் விற்பனையில் அளப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2025-இல் கொப்பரை விலை காட்டிவிட்டது. எண்ணெய் ஆட்டும் கொப்பரைக்கு அரசின் குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாயாக இருந்தபோது, சந்தை விலை அதைவிட வெகுவாக மேலே போனது. தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலின் விலையை ஏற்றியதால் ரோஆஸ் குறையாமலே நின்றது. ஒரு பாட்டிலில் நிற்கும் லாபமோ சுருங்கியது. வரியையும் மறக்கக் கூடாது. ஏஜென்சிக் கட்டணத்துக்கும் விளம்பரத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி, நாங்கள் விற்கும் எண்ணெய்க்கு 5 சதவீதம். உள்ளீட்டு வரியை, அதாவது நாங்கள் வாங்குபவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, விற்பனையில் வசூலித்த வரியோடு ஈடுகட்டியது போக மீதி தேங்கினால், சமையல் எண்ணெய்க்கு அதைப் பணமாகத் திரும்பப் பெற முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஏஜென்சியை நாங்கள் விடவில்லை. செக்கில் எள் நசுங்கும் காட்சியை அவர்கள் படம்பிடிக்கும் விதமும், கேள்வி கேட்பவர்களுக்கு அன்றே பதில் போய்ச்சேர்வதும் எங்கள் ஆட்களால் ஆகாத வேலை. கடையிலும் செக்கிலும் நிற்பவர்களுக்கு அதற்கு நேரமும் இல்லை. ஒப்பந்தத்தைத்தான் மாற்றினோம். புதிய வாடிக்கையாளர் ஒருவரைப் பெற ஆன மொத்தச் செலவு, அதே மாதத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மீண்டும் வாங்கினார்கள் என்ற விவரம், ரிட்டர்ன் கழித்த விற்பனை ஆகிய மூன்றும் அறிக்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டும். இதைவிட நான் பெரிதாக நினைப்பது, விளம்பரக் கணக்கு எங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும், ஏஜென்சிக்கு அதில் வேலை செய்யும் அனுமதி மட்டும் தரப்பட வேண்டும் என்ற நிபந்தனை. கணக்கு அவர்கள் பெயரில் இருந்தால், பிரியும் நாளில் இத்தனை ஆண்டு விளம்பரங்களின் பதிவும் அவர்களோடு போய்விடும். புதிதாக வருபவர் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.