லாட்டிஸிலிருந்து ஜெனரிக்குக்கு: இமைமுடி மருந்தோடு மூன்று ஆண்டுகள்

மூக்குக் கண்ணாடியின் உட்பக்கத்தில் மெல்லிய வளைகோடுகளாகப் பிசுக்கு படிந்திருந்தது. துடைத்தேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே கோடுகள். என் இமைமுடி கண்ணாடியைத் தொடும் அளவுக்கு நீண்டுவிட்டது என்பது அப்போதுதான் புரிந்தது. மருந்து தொடங்கிப் பதினொன்றாவது வாரம் அது. எண்ணிவிடக்கூடிய அளவுக்கு முடிகள் குறைந்துபோன இமையோடு இரண்டு ஆண்டுகள் இருந்தவளுக்கு அந்தப் பிசுக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்று சொல்லி முடியாது.

எனக்கு முடி கொட்டியதற்குக் காரணம் தைராய்டு குறைபாடு. அதற்கு மாத்திரை எடுத்து அளவு சீரான பிறகும் இமைமுடி பாதிதான் திரும்பியது. அதன் பிறகே கண் மருத்துவர் பிமாடோபிரோஸ்ட் எழுதிக் கொடுத்தார். இமைமுடி உதிர்கிறவர்கள் முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். அது தெரியாமல் எந்த மருந்தை வாங்கினாலும் பாதி வேலைதான் நடக்கும்.

இந்த மருந்து முதலில் கிளௌகோமா என்னும் கண் அழுத்த நோய்க்காக லூமிகன் என்ற பெயரில் 2001-இல் வந்தது. சொட்டு போட்டுக்கொண்டவர்களின் இமைமுடி நீண்டு, தடித்து, கறுத்து வளர்ந்தது. பக்க விளைவாகத் தெரிந்த அதையே பயனாக எடுத்துக்கொண்டார்கள். அதே 0.03 சதவீதக் கரைசலுக்கு 2008 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இமைமுடிக்கான அனுமதி தந்தது. அதுதான் லாட்டிஸ். 278 பேரிடம் 16 வாரங்கள் நடந்த ஆய்வில், மருந்து பூசியவர்களில் 78 சதவீதத்தினருக்கும் மருந்தில்லாத கரைசலைப் பூசியவர்களில் 18 சதவீதத்தினருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. காப்புரிமை வழக்கில் 2014-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஜெனரிக் மருந்துகளுக்கு, அதாவது அதே மருந்தை மற்ற நிறுவனங்கள் தயாரித்து விற்பதற்கு, வழி திறந்தது.

முதல் பதினான்கு மாதங்கள் லாட்டிஸ் பயன்படுத்தினேன். பலனில் ஒரு குறையும் இல்லை. செலவுதான் உறுத்தியது. இந்த மருந்து முடியின் வளர்ச்சிப் பருவத்தை நீட்டிக்கிறது, அவ்வளவுதான், வேரை மாற்றிவிடுவதில்லை. நிறுத்தினால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இமை பழைய நிலைக்கே வந்துவிடும். ஆக, இது ஒருமுறை செலவழித்து முடிகிற காரியமல்ல. விலையுயர்ந்த மருந்தை ஓர் ஆண்டு பூசிவிட்டுக் கட்டுப்படியாகாமல் கைவிடுவதைவிட, தொடர்ந்து வாங்க முடிந்த மருந்தே எனக்கு நல்ல மருந்து.

ஆனாலும் மாறுவதற்குப் பயந்தேன். மருத்துவரின் சம்மதத்தோடு, மீதமிருந்த லாட்டிஸை இடது இமையிலும் ஜெனரிக்கை வலது இமையிலும் எட்டு வாரங்கள் பூசிப் பார்த்தேன். எதில் எது என்று சொல்லாமல் தங்கையிடம் இமையைக் காட்டினேன். சன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்து உற்றுப் பார்த்துவிட்டு, “எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அக்கா” என்றாள். முடி ஏற்கெனவே வளர்ந்திருந்ததால் எட்டு வாரச் சோதனை பெரிதாக எதையும் நிரூபிக்காது. அதற்குப் பின் ஜெனரிக் மட்டுமே பூசிய இந்த இருபது மாதங்களைத்தான் நான் நம்புகிறேன். மாதந்தோறும் ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களில் நீளமும் அடர்த்தியும் அப்படியே இருக்கின்றன.

வித்தியாசம் இருந்தது புட்டியிலும் தூரிகையிலும். எனக்குக் கிடைத்த முதல் ஜெனரிக்கின் புட்டியை லேசாக அழுத்தினாலே பெரிய சொட்டு விழும். கூட வந்த தூரிகை அதை முழுக்க உறிஞ்சி இமையில் வழியவிடும். துடைக்காமல் படுத்துவிடுவேன். இரண்டு மாதத்தில் வலது கண்ணின் வெளி ஓரத்தில், கன்னத்தை நோக்கி, நாலைந்து பூனைமுடிகள் கறுப்பாக முளைத்திருந்தன. மருந்து எங்கே வழிகிறதோ அங்கேயும் தன் வேலையைச் செய்யும். அப்போதிருந்து தூரிகையைக் கிடையாகப் பிடித்து, நுனியருகே ஒரே சொட்டு விட்டு, மேல் இமை முடியின் அடிவரிசையில் உள்ளிருந்து வெளியே ஒரே இழுப்பாக இழுக்கிறேன். மிஞ்சியதை மெல்லிய காகிதத்தால் உடனே ஒற்றி எடுக்கிறேன். கீழ் இமைக்குப் பூசவே கூடாது. ஒரு கண்ணுக்கு ஒரு தூரிகை, பூசியதும் குப்பைக்கு. சிக்கனம் என்று கழுவி மறுபடி பயன்படுத்தினால் கிருமித் தொற்றில் போய் முடியும். காண்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பூச வேண்டும். திரும்ப அணியப் பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

ஜெனரிக் என்ற பெயரில் நடக்கும் ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். கண் அழுத்தத்துக்கான 0.01 சதவீதச் சொட்டு மருந்தை “இதுவும் அதுதான்” என்று வாங்கிப் பூசுகிறார்கள். அதில் மருந்து மூன்றில் ஒரு பங்கு. பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தியோ 0.03 சதவீத லாட்டிஸில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. கண் எரிச்சலுக்குப் பேர்போனது அந்தப் பொருள். புட்டியில் பிமாடோபிரோஸ்ட் என்ற பெயரோடு 0.03 என்ற எண்ணும் இருக்கிறதா என்று நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். மருந்துச் சீட்டு கேட்காமல் விற்கும் இடத்தில் வாங்குவதில்லை.

பக்க விளைவுகளில் இரண்டுக்கும் பேதமில்லை. ஆரம்பத்தில் கொஞ்ச நாள் அரிப்பும் சிவப்பும் இருந்தன. மேல் இமை விளிம்பில் மை தீட்டியதுபோல் ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. நிறுத்தினால் அது பெரும்பாலும் மங்கிவிடும். கண்ணின் நிறப்பகுதி பழுப்பேறினால் அது மாறாமல் நின்றுவிடலாம். கிளௌகோமாவுக்கு ஏற்கெனவே சொட்டு போடுகிறவர்கள் கண் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடவே வேண்டாம், அந்த மருந்தின் பலன் குறைந்துவிடக்கூடும்.

மருந்து மலிவாகிவிட்டது என்பதற்காகப் பரிசோதனையை நான் தள்ளிப்போடுவதில்லை. இமையைச் சுற்றியுள்ள கொழுப்பு குறைந்து கண் உள்வாங்கியது போலத் தெரிவது இந்த வகை மருந்துகளுக்கே உரிய விளைவு. தினமும் கண்ணாடி பார்க்கிறவருக்கு அது தெரியாது. போன முறை, மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்த படத்தையும் கொண்டுபோனேன். மருத்துவர் படத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். இடது மேல் இமையில், பழைய படத்தில் இல்லாத மெல்லிய பள்ளம் ஒன்று விழுந்திருக்கிறது. இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுகிறேன். நான்கு மாதம் கழித்து, அதே படத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்.