டிராக் காருக்கு ரேஸ் டயர் மாட்டுவது: சில சீசன்கள் ஓட்டிய அனுபவம்

டிராக்குக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் முன்சக்கர இயக்கக் காரில் சில சீசன்களாக 225/45 ஆர்17 அளவு செமி-ஸ்லிக் டயர் (வரிகள் கொஞ்சமே உள்ளது) போட்டு ஓட்டி வருகிறேன். நடுவில் வரியே இல்லாத முழு ஸ்லிக்கும் ஓட்டியாயிற்று. எந்த பிராண்டு வாங்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், நல்ல பிராண்டுகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம் சின்னது. ஒழுங்காக மாட்டிய டயருக்கும் ஏனோதானோவென்று மாட்டிய டயருக்கும் இருக்கும் வித்தியாசம் பெரியது. அதனால் மாட்டுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ரிம் அகலம். இந்த அளவு டயருக்கு 7 முதல் 8.5 அங்குலம் வரை அனுமதி உண்டு. நான் 7 அங்குல ரிம்மிலிருந்து 8-க்கு மாறினேன். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் திரும்பும் வேகத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. குறுகிய ரிம்மில் சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) உப்பி நிற்கும், பக்கவாட்டு விசை வரும்போது சாய்ந்து, தரையைத் தொடும் பகுதியின் ஓரமான ஷோல்டரைத் தேய்க்கும்.

அப்புறம் திசை. அம்புக்குறி போட்ட டயர் அந்தத் திசையில்தான் உருள வேண்டும். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று அச்சிட்டிருந்தால் இடது, வலது எந்தச் சக்கரத்திலும் போடலாம், ஆனால் வெளிப்பக்கம் வெளியே தெரிய வேண்டும். மிச்செலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்ற டயர்களில் வெளி ஷோல்டரின் ரப்பர் கலவையே வேறு என்பதால், மாற்றிப் போட்டால் டயருக்குக் கொடுத்த காசு வீண். வரியே இல்லாத ஸ்லிக்கில் அம்பு எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. தரையைத் தொடும் ட்ரெட் ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டும் இடத்தில் இணைப்பு சாய்வாக இருக்கும். விசை எதிர்ப்பக்கமாக வந்தால் அந்த விளிம்பு கிளம்பப் பார்க்கும். ஆகவே அங்கேயும் அம்பை மதிக்க வேண்டும்.

நான் அதிகம் கவனிக்கும் விஷயம் பீடில் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பில்) தடவும் பேஸ்ட். ரேஸ் டயரின் சைடுவால் விறைப்பாக இருப்பதால் பீட் எளிதில் ரிம்மைத் தாண்டாது. வேலை சுலபமாகட்டும் என்று கடையில் கைநிறைய அள்ளிப் பூசுவார்கள். டிராக்கில் உச்ச வேகத்திலிருந்து அழுத்திப் பிரேக் போடும்போது டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும், வழுவழுப்பு காயாத பீடுக்குள் ரிம் வழுக்கும். இது கண்ணுக்குத் தெரியாது. தெரிய வைக்க ஒரே வழி, வால்வுக்கு நேராக டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு. ஒவ்வொரு செஷன் முடிந்ததும் அதைப் பார்ப்பேன். ஒருமுறை, வெளியே ஒரு கடையில் மாட்டி வாங்கிய ஜோடியில் முன் இடது டயரின் கோடு ரிம் கோட்டிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி நின்றது. நேர்ப்பாதையில் ஸ்டீயரிங் நடுங்கியதற்குக் காரணம் அதுதான். டயரும் ரிம்மும் எந்த நிலையில் இருந்தபோது பேலன்ஸ் செய்தார்களோ அந்த நிலை மாறிவிட்டால், ஒட்டிய எடைகள் தப்பான இடத்தில் நிற்கும். நடுக்கம் வந்தால் அலைன்மென்டைத் தேடிப் போவதற்கு முன் கோட்டைப் பாருங்கள்.

இப்போது தண்ணீர் அடிப்படையிலான, காய்ந்துவிடும் பேஸ்டை பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவச் சொல்கிறேன். கிரீஸ், என்ஜின் ஆயில் பக்கமே போகக் கூடாது. ரப்பரைக் கெடுக்கும், காயவும் காயாது. சோப்புத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே தேங்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, காற்றழுத்தம் கணக்குக்கு அடங்காமல் ஏறும். மாட்டிய பிறகு ஒரு நாள் காயவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

பீட் உட்காரும்போது வால்வு கோரை (வால்வுக்குள் காற்றை அடைத்து வைக்கும் சின்னப் பாகம்) கழற்றிவிட்டால் காற்று வேகமாகப் போகும், குறைந்த அழுத்தத்திலேயே 'டப்' 'டப்' என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடும். பல டயர்களில் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றாதே என்று அச்சிட்டே இருக்கும். அதற்குள் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி தடவி, மறுபடி முயல வேண்டும். டயருக்கு மேல் குனிந்து நின்றுகொண்டு காற்றேற்றுபவரைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நீள ஹோஸ் வைத்துத் தள்ளி நிற்பதில் என்ன கஷ்டம்? சத்தம் வந்துவிட்டால் போதாது. சைடுவாலில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஓரிடத்தில் அது உள்ளே அமுங்கியிருந்தால் பீட் அங்கே உட்காரவில்லை.

ரப்பர் வால்வு வேகத்தில் வளையும் என்பதால் உலோக வால்வு, உள்ளே சீல் வைத்த உலோக மூடி. எடைகள் ஒட்டும் இடத்தைப் பிரேக் கிளீனரால் துடைத்து, ஒட்டிய பின் மேலே அலுமினிய டேப். பிரேக் சூட்டில் வெறும் பசை நிற்பதில்லை.

காரில் ஏற்றும்போது ஹப் (சக்கரத்தைப் பொருத்தும் பாகம்) முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து விடுகிறேன். நட்டின் உட்காரும் பகுதி கூம்பா, உருண்டையா என்பது ரிம்மோடு பொருந்த வேண்டும். நட்டுகளைக் குறுக்கே குறுக்கே, கார் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியதும் ஒருமுறை சரிபார்க்கிறேன். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எங்கேயும் உரசவில்லை என்று பார்ப்பதும் அப்போதே.

புது டயரை முதல் செஷனில் மெல்ல மெல்லச் சூடாக்கி, அன்று அதோடு நிறுத்தி, ஒரு நாள் ஆறவிடுவதில் பலன் இருக்கிறது. அப்படிப் பழக்கிய செட்கள் எனக்குக் கூடுதல் காலம் வந்தன. காற்றழுத்தத்தில் சூடான அளவுதான் முக்கியம். உள்ளே இருக்கும் காற்று 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் 24 பி.எஸ்.ஐ. 30-ஐத் தாண்டிவிடும். பிட்டுக்குள் வந்த உடனே அளந்து, வேண்டிய அளவுக்கு இறக்கி, மறுநாள் ஆறிய நிலையில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்கிறேன். அடுத்த முறை அதுதான் தொடக்கம். வலது வளைவுகள் அதிகமுள்ள டிராக்கில் இடது பக்க டயர்கள் அதிகம் சூடேறும், அவற்றைக் கொஞ்சம் குறைவாக வைத்துத் தொடங்க வேண்டும்.

எவ்வளவு கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் சாய்வு) வைத்தாலும் முன் டயர்களின் வெளி ஷோல்டர்தான் என் காரில் முதலில் போகிறது. அம்புக்குறி டயராக இருந்தால் இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. இடது டயரை ரிம்மிலிருந்து கழற்றி, திருப்பிப் போட்டு, வலது பக்கச் சக்கரமாக மாட்டலாம். உருளும் திசை மாறாது, தேய்ந்த ஷோல்டர் உள்ளே போய்விடும். உள்-வெளி அச்சிட்ட டயரில் இது முடியாது. அடுத்த செட் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

செமி-ஸ்லிக்கில் ட்ரெட் மிச்சமிருக்கும்போதே, பலமுறை சூடாகி ஆறியதில் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறைந்துவிடும். அந்த செட்டைப் பயிற்சி நாட்களுக்கு ஒதுக்கிவிடுகிறேன். ஸ்லிக்கில் ட்ரெட்டில் இருக்கும் சின்னக் குழிகளின் ஆழத்தைத்தான் அளக்க வேண்டும். ஷோல்டர் பக்கக் குழி மறைந்துவிட்டால், நடுக்குழி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிவிடுகிறேன்.