சிறு பிள்ளையின் கிண்ணத்துக்குச் சேதன மரக்கறியா, சந்தை மரக்கறியா?

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய வல்லாரைக் கட்டையும், சேதன உற்பத்தி (செயற்கை இரசாயனப் பசளையும் பீடைகொல்லியும் இல்லாமல் விளைந்தது) என்ற முத்திரையோடு கடையில் வாங்கிய வல்லாரைக் கட்டையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தால், விலையைத் தவிர வேறு வேறுபாடு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. என் மகளுக்கு ஆறு மாதம் நிறைந்து திட உணவு தொடங்கிய நாட்களில், முத்திரை உள்ளதைத் தவிர வேறொன்றையும் அவளுக்கு ஊட்டுவதில்லை என்று உறுதியாக இருந்தேன். மூன்று மாதங்களில் அவளுடைய கிண்ணத்தில் கரட், பூசணி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்று மட்டுமே மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஏனெனில் என் வருமானத்துக்குக் கட்டுப்படியானவை அவ்வளவுதான். அதன் பிறகே இரண்டு வகை உணவையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் சத்து. 2012 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 237 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, விற்றமின்களில் இரு வகைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்ற முடிவுக்கு வந்தனர். 2014 இல் 343 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு குழு, சேதனப் பயிர்களில் உடற் கலங்களைச் சேதத்திலிருந்து காக்க உதவும் ஒட்சியேற்ற எதிரிகள் கூடுதலாக இருப்பதாகக் கண்டது. இரண்டாவது முடிவை அப்படியே ஏற்றாலும், அதனால் பிள்ளையின் உடல்நலம் மேம்படுகிறது என்பது நிறுவப்படவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2012 ஆம் ஆண்டு அறிக்கையில், பலவகைப் பழங்களையும் மரக்கறிகளையும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே முதன்மையானது, அவை சேதன முறையில் விளைந்தவையா என்பது அதற்கு அடுத்த கேள்வி என்ற நிலைப்பாட்டையே எடுத்தது. ஆகவே சத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

பீடைகொல்லி எச்சத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. சேதன உணவின் பக்கம் உண்மையான வலு இருப்பது இங்கேதான். ஒரு கிலோ உடல் எடைக்கு என்று கணக்கிட்டால் சிறு பிள்ளை பெரியவரை விடக் கூடுதலாக உண்கிறது, கூடுதலாகக் குடிக்கிறது. அதன் மூளையும் ஈரலும் சிறுநீரகமும் இன்னும் முதிர்ச்சி அடையவில்லை. இந்தக் காரணங்களை 1993 இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிச் சபை விரிவாக எடுத்துரைத்த பின், அந்நாட்டின் 1996 ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைகளைக் கருதி எச்ச வரம்புகளில் மேலதிகமாகப் பத்து மடங்கு பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும் என்பதைப் பொது விதியாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குழந்தை உணவுக்கான பொது வரம்பு ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே.

2006 இல் வெளியான சியாட்டில் ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 3 முதல் 11 வயது வரையான 23 பிள்ளைகளின் வழக்கமான உணவுக்குப் பதிலாக ஐந்து நாட்கள் சேதன உணவு கொடுத்தபோது, மாலத்தியன், குளோர்பைரிபொஸ் ஆகிய பீடைகொல்லிகளின் சிதைவுப் பொருட்கள் அவர்களின் சிறுநீரில் ஏறக்குறைய இல்லாமலே போயின; பழைய உணவுக்குத் திரும்பியதும் அவை மீண்டும் தென்பட்டன. இந்த ஆய்வு எச்சத்தை அளந்ததே தவிர நோயை அளக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் வளரும் மூளையைப் பாதிக்கும் என்ற கவலையால் குளோர்பைரிபொஸைப் பல நாடுகள் தடை செய்திருக்கும்போது, எச்சம் குறைவது ஒரு தாய்க்குப் போதுமான காரணம் என்றே நான் கருதுகிறேன்.

நெதர்லாந்தில் 2,700 க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், பால் உணவுகளில் சேதன வகையை மட்டுமே உட்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகளிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தோல் அழற்சி குறைவாகக் காணப்பட்டது. ஆனால் அத்தகைய குடும்பங்கள் வேறு பல வழிகளிலும் வேறுபட்டிருக்கலாம். பெரும்பாலும் இறக்குமதிப் பால்மாவையே நம்பியிருக்கும் கொழும்பு வீடுகளுக்கு இதனால் உடனடிப் பயன் அதிகம் இல்லை.

முத்திரையால் தீராத ஆபத்துகளும் உள்ளன. சேதன விவசாயத்திலும் வேப்பெண்ணெய், செம்பு, கந்தகம் போன்றவை தெளிக்கப்படலாம். ஈயம், கட்மியம் ஆகிய நச்சு உலோகங்கள் மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் பயிருக்குள் வருபவை. பொசுபேற்றுப் பசளையாலும் கட்மியம் சேரும் என்பதால் சேதனப் பயிரில், குறிப்பாகத் தானியங்களில், அது சராசரியாகக் குறைவு என்று 2014 ஆம் ஆண்டுத் தொகுப்பு காட்டியது உண்மை. ஆயினும் நகரின் கழிவுநீர் கலக்கும் தாழ்நிலத்தில் வளரும் கீரைக்கு அந்தச் சராசரி பொருந்தாது. எனவே கீரை எந்த நீரில் வளர்ந்தது என்பது எந்தப் பசளையில் வளர்ந்தது என்பதற்குச் சமமான கேள்வி. அரிசியில் சேரும் ஆர்சனிக்குக்கும் இதுவே பொருந்தும். அடுத்தது கிருமி. 2011 இல் ஜெர்மனியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த ஈ.கோலை நோய்ப் பரவல், ஒரு சேதனப் பண்ணையின் முளைவிட்ட வித்துகளோடு தொடர்புடையது என்று கண்டறியப்பட்டது. முளைப்பயறு எந்த முறையில் விளைந்ததாக இருந்தாலும், அவிக்காமல் அதைச் சிறு பிள்ளைக்குக் கொடுக்க நான் துணிவதில்லை.

சந்தை மரக்கறியின் எச்சத்தை வீட்டிலேயே ஓரளவு குறைக்கலாம். ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவதும் தோல் சீவுவதும் மேற்பரப்பில் உள்ளதை அகற்ற உதவும். 2017 இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தினர் அப்பிள் பழங்களை அப்பச்சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடங்கள் ஊறவைத்துச் சோதித்தபோது, அவர்கள் பூசிய இரண்டு பீடைகொல்லிகளும் மேற்பரப்பிலிருந்து முழுமையாக நீங்கின. ஆனால் தோலுக்குள் ஊடுருவியிருந்த பகுதி நீங்கவில்லை.

இவற்றையெல்லாம் பார்த்த பின் என் கூடையை மாற்றிக்கொண்டேன். தோலோடு உண்ணும், பீடைகள் அதிகம் தாக்கும் தக்காளி, போஞ்சி, பயிற்றங்காய், கறிமிளகாய் ஆகியவற்றுக்கும், சம்பலாகப் பச்சையாக உண்ணும் வல்லாரைக்குமே சேதனப் பொருளுக்கான கூடுதல் பணத்தை ஒதுக்குகிறேன். அவை கிடைக்காதபோது, விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் பெற்றவற்றைத் தேடுகிறேன். அது சேதனச் சான்றிதழ் அல்ல. ஆயினும் கடைசியாக மருந்து தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய கால இடைவெளியைக் கட்டாயமாக்குவதால் ஓரளவு நம்பிக்கை தருகிறது. தோலை உரித்து உண்ணும் வாழைப்பழம், பப்பாசி, பூசணி ஆகியவற்றைச் சாதாரணச் சந்தையிலேயே வாங்குகிறேன். சேதன முத்திரை குத்திய பிஸ்கட்டை முற்றாக விட்டுவிட்டேன். அதில் உள்ள சீனியும் சீனிதான்.

ஈரப்பலாவும் பலாவும் முருங்கைக்கீரையும் பெரும்பாலும் மருந்தே காணாமல் வீட்டு வளவுகளில் விளைபவை. அவற்றின் மீது எந்த முத்திரையும் இருப்பதில்லை, விலையும் குறைவு. தெஹிவளையில் இருக்கும் என் பெரியம்மாவின் வளவிலிருந்து வாரம் ஒருமுறை வரும் முருங்கைக்கீரையைப் பருப்போடு அவித்து மசித்துக் கொடுத்தால் மகள் மறுக்காமல் உண்கிறாள்.