சாப்பாட்டுக்கு ஐந்து நட்சத்திரம், பார்சலுக்கு ஒன்று

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது கடை. பெயர் போடவில்லை, ஏனென்று போகப்போகப் புரியும். மத்தியானச் சோற்றுப் பார்சலுக்கு என்னைக் கேட்டால் இந்தப் பகுதியில் இதுதான். மீன் குழம்புக்குப் பழப்புளியைக் கஞ்சத்தனமில்லாமல் விடுகிறார்கள், கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும் வீட்டுச் சமையல் மாதிரியே இருக்கும்.

கொதிக்கக் கொதிக்க அந்தச் சோற்றை அவர்கள் சுற்றித் தருவதோ மெல்லிய லஞ்ச் ஷீட்டில். பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரிஜிபோம் (தெர்மாகோல்) பெட்டியும் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டவை. அந்த வருடம் ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் செத்த பிறகு வந்த தடை அது. கேட்டால், "இது உக்கிற சாமான் அண்ணா, பக்கற்றிலயே போட்டிருக்கு" என்கிறான் பார்சல் கட்டும் தம்பி. போட்டிருப்பது உண்மைதான். ஒன்றைக் கழுவிப் பூந்தொட்டி மண்ணுக்குள் புதைத்து வைத்தேன், ஒரு மழைக்காலம் முடிந்தும் சுருக்கம்கூட விழவில்லை.

முதலாளியை மட்டும் திட்டி என்ன செய்வது? கடையில் பகிரங்கமாக விற்கிறதை அவர் வாங்குகிறார். தண்டம் 10,000 ரூபாய் வரை, சிறை இரண்டு வருடம் வரை என்றுதான் தடை வந்தபோது சொன்னார்கள். இந்தக் கடைக்கு அந்தப் பத்தாயிரம் ஒரு மத்தியான வியாபாரத்துக்குள் வந்துவிடும், லஞ்ச் ஷீட்டுக்காகச் சிறைக்குப் போன சாப்பாட்டுக்கடைக்காரர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. பிடிப்பதென்றால் ஷீட் செய்கிற பட்டறையில் இருந்து தொடங்க வேண்டும், கடை கடையாக ஏறி எப்போது முடிப்பது?

2023 ஒக்டோபரில் வந்த தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருந்தது. இங்கே பின்னேரம் போனால் அதுவும் அடுக்கி வைத்தபடி. சொப்பிங் பேக்கை 2025 நவம்பர் முதல் சும்மா கொடுக்கக் கூடாது. சுப்பர்மார்க்கெட் பில்லில் அதன் விலை தனியாக விழுந்ததும் என் மனைவி துணிப்பையை மறப்பதே இல்லை. இந்தக் கடையில் பில்லே கிடையாது, அப்புறம் எங்கே எழுதுவது, கேட்காமலே இரண்டு பேக் போட்டுத் தருகிறார்கள்.

சரி, போகாமல் இருக்காதீர்கள். சாப்பாட்டுப் பெட்டியைக் கையோடு கொண்டு போங்கள், முகம் சுளிக்காமல் நிரப்பித் தருவார்கள், சொதியும் ஒரு அகப்பை கூட விழும். ஒரு மணிக்குப் பிறகு மீன் இருக்காது.